எதிர்த்தலைவனும் மருட்கையும்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், இருபது ஆண்டுகட்கு முன்னர் வெளிவந்த 'கில்லி' என்னும் திரைப்படம் மீண்டும் திரையரங்குகட்கு வந்தது. அப்போது முதுகலை மாணவர் சிலர் தம்முள் நிகழ்த்திய சொற்போர் ஒன்றை அருகிருந்து கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மூன்று வினாக்கள் அவர்களைப் பிரித்து வைத்தன. தமிழில் தலைசிறந்த படம் யாது? தலைசிறந்த வில்லன் யாவன்? எத்தனை முறை காணினும் சலியாத படம் எது? ஒருவர் 'பாட்சா' (1995) படத்தில் ரகுவரன் நடித்த மார்க் ஆண்டனியே ஒப்பற்றவன் என்றார். மற்றொருவர் நம்பியாரை விட்டுவிட்டு வில்லனைப் பற்றிப் பேசுதல் முறையன்று என்று சினந்தார். மூன்றாமவர், முடிவு தெரிந்த கதையை மீண்டும் காண்பது பொழுதைப் போக்குவதேயன்றிச் சுவைப்பதன்று என ஒதுங்கினார். அவருக்கு ஒரு மாணவி கூறிய விடையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். முடிவு தெரியாமல் பார்த்த முதற்பார்வையில் நாம் கதையைத்தான் துரத்துகிறோம், படத்தைப் பார்ப்பது இரண்டாம் முறையில்தான் என்றார் அவர்.

இத்தகைய உரையாடல்களைப் பொழுதுபோக்கு என்று புறந்தள்ளும் வழக்கம் நம் துறைகளில் உண்டு. ஆயின், ஒரு படைப்பை மக்கள் எதனால் மீண்டும் நாடுகின்றனர் என்பது இலக்கியத் திறனாய்வின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. அவ்வினாவிற்குச் சுவைஞர் தாமே விடை தேடும்போது அவர் பேச்சு வாய்மொழித் திறனாய்வாகவே கொள்ளத்தக்கது. மாணவர் எழுப்பிய மூன்று வினாக்களும் உண்மையில் ஒரே வினாவின் கூறுகள் என்பதும், அதற்குரிய விடை தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் ஒரு குறிப்பாக அமைந்துள்ளது என்பதும் எம் கருத்து.

முதற்கண் சொல் பற்றிச் சிறிது கூறவேண்டும். 'வில்லன்' என இன்று வழங்குவது ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவமே. வில்லை உடையவன் என்னும் பொருளில் நோக்கின், இராமனும் அருச்சுனனும் வில்லரே ஆவர்! ஒலி ஒற்றுமையால் விளைந்த இவ்வேடிக்கை ஒருபுறம் இருக்க, கதைத் தலைவனை எதிர்த்து நிற்போனைக் குறிக்க 'எதிர்த்தலைவன்' என்னும் சொல் ஏற்றது. தீயோன் என்பது அவன் பண்பை மட்டும் சுட்டும். எதிர்த்தலைவன் என்பது கதையமைப்பில் அவனுக்குள்ள இடத்தைச் சுட்டும். அவனும் ஒரு தலைவனே என்பதை இச்சொல் மறவாது வைத்திருக்கிறது.

இனி மெய்ப்பாட்டியலுக்கு வருவோம். எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கை என்பது வியப்பு. அது தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என்பர் தொல்காப்பியர். அவற்றுள் ஒன்று புதுமை. முன் கண்டறியாததைக் காணுங்கால் எழுவது. ஏனைய மூன்றும் பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. அளவிறந்த பெரியதும், நுண்ணிய சிறியதும், ஒன்று பிறிதொன்றாய்த் திரிந்து நிற்பதும் வியப்பைத் தரும் என்பது கருத்து. இங்கு ஆக்கம் என்றது செல்வப் பெருக்கினை அன்று, மாற்றத்தினை.

இந்நான்கனையும் மறுகாட்சியோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். ஒரு கதையை இரண்டாம் முறை காணுங்கால் அழிவது புதுமை ஒன்றே. பெருமை அழிவதில்லை, மலையை நூறுமுறை கண்டாலும் அது மலையே. சிறுமையோ காணக்காணத் துலங்கும். நுண்மையை முதற்பார்வை பெரும்பாலும் தவறவிடும். ஆக்கம் என்பது இரண்டாம் பார்வையில்தான் முழுமை பெறும். ஏனெனில், ஒன்று எதுவாக மாறப்போகிறது என்பதை அறிந்தவனே அம்மாற்றத்தின் தொடக்கத்தைக் கண்டுகொள்வான். ஆகவே, 'திரும்பப் பார்க்கலாம்' என்று ஒரு சுவைஞர் கூறும்போது, அப்படத்தின் வியப்பு புதுமையை மட்டும் சார்ந்து நிற்கவில்லை என்றே கூறுகிறார். மூன்றாம் மாணவர் புதுமையை மட்டும் மருட்கையின் களனாகக் கொண்டார்; மாணவி ஏனை மூன்றனையும் கண்டார். இருவரும் தொல்காப்பியத்தை எண்ணிப் பேசினர் என்று சொல்ல வரவில்லை. ஆயினும் இருவர்க்கும் அங்கு இடமுண்டு.

புதுமையைக் காக்கும் அக்கறை அண்மைக்காலத்ததே என்பதற்கு இரு சான்றுகளை எதிரெதிர் வைத்துக் காணலாம். முன்னாளில் திரையரங்கு வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் கதைச்சுருக்கத்தைத் தந்து, நெருக்கடியான இடத்தில் நிறுத்தி, எஞ்சியதை வெள்ளித்திரையில் காணுமாறு சொல்லிவிடும். சிலப்பதிகாரப் பதிகமோ இதற்கு நேர்மாறானது. கோவலன் கொலையுண்டதும், கண்ணகி வழக்குரைத்ததும், பாண்டியன் உயிர்நீத்ததும், மதுரை எரியுண்டதும் நூல் தொடங்குமுன்னரே சொல்லப்பட்டுவிடுகின்றன. காப்பியத்தைக் கற்பார் எவரும் அதனால் சுவை குன்றியதாகக் கூறியதில்லை. மாறாக, புகார்க் காண்டத்தின் ஒவ்வொரு களிப்பின் மீதும் அம்முன்னறிவின் நிழல் படிகிறது. காதலர் நிலாமுற்றத்தில் இருக்கும்போதே நாம் மதுரையை அறிந்திருக்கிறோம்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. சிலம்பில் கொலைக்குக் காரணமானவன் பொற்கொல்லன். அவன் வஞ்சகன்; திருடன்; பிறர்மேல் பழியேற்றுவோன். எனினும் அவனைப் பற்றி எவரும் வழக்காடுவதில்லை. அவனுக்குப் பெயர்கூட இல்லை. வஞ்சகனாகவே வந்து வஞ்சகனாகவே மறைகிறான். அவனிடத்து ஆக்கம் இல்லை. தவறிழைத்துப் பின் அத்தவற்றை உணர்ந்த கணத்திலேயே உயிர்விடும் பாண்டியனிடத்தேதான் ஆக்கம் உளது. எனவேதான் நூற்றாண்டுகளாகப் பாண்டியன் குற்றவாளியா அல்லனா என்னும் வழக்கு மேடைதோறும் நடக்கிறது. தீமை செய்தவன் யாவன் என்பதனால் எதிர்த்தலைவன் சிறப்பதில்லை. மாற்றத்திற்கு இடம் தருகின்றானா என்பதனால் சிறக்கின்றான்.

இக்கொள்கையைத் திரைப்படங்களில் வைத்துச் சோதித்தல் வேண்டும். தமிழ் பயில்வோர்க்கு நெருக்கமான சான்று 'மந்திரிகுமாரி' (1950). சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த இப்படத்திற்கு மு. கருணாநிதி உரையாடல் எழுதினார், எல்லிஸ் ஆர். டங்கனும் டி. ஆர். சுந்தரமும் இயக்கினர். கதையின் கரு குண்டலகேசியைச் சார்ந்தது. நாதகுத்தனார் இயற்றிய அப்பௌத்தக் காப்பியம் இன்று முழுதாக இல்லை. ஒரு சில பாடல்களே எஞ்சியுள. கதையை நாம் அறிவது பெரும்பாலும் நீலகேசி உரையின் துணையால். வணிகன் மகள் பத்திரை, கொலைத்தண்டம் பெற்ற கள்வன் காளனைக் காதலித்து மணக்கிறாள். ஊடற்பொழுதில் அவள் சொன்ன ஒரு சொல்லால் அவன் சினம் கொள்கிறான். மலையுச்சிக்கு அழைத்துச் சென்று, கொல்லப்போவதாகக் கூறுகிறான். இறக்குமுன் கணவனை மும்முறை வலம் வர இசைவு வேண்டி, மூன்றாம் சுற்றில் அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள்.

படத்தில் காளனுக்கு நிகராக வருபவன் இராசகுருவின் மகன் பார்த்திபன். எஸ். ஏ. நடராசன் அப்பாத்திரத்தை ஏற்றார். கதைத் தலைவன் வீரமோகனாக எம். ஜி. ஆர். நடித்திருந்தும், அப்படத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் நினைப்பது மலையுச்சிக் காட்சியையே. கொள்ளையிடுதலையும் ஒரு கலை என்று நாநலம் தோன்றப் பேசும் பார்த்திபன், மந்திரியின் மகள் அமுதவல்லியை ஏமாற்றி மணந்து, பின் இனிய பாட்டொன்றைப் பாடி மலைமேல் அழைத்துச் செல்கிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அப்பாட்டு இன்றும் கேட்கப்படுகிறது. முதன்முறை கேட்பார்க்கு அது காதலழைப்பு. அறிந்தார்க்கோ ஒவ்வோர் அடியும் உச்சிக்கு ஒரு படி. பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை, கேட்போன் மாறியிருக்கிறான்.

அதற்கும் மேலாக, வலம்வருதலைக் காண்க. முதற்பார்வையில் மூன்று சுற்றும் ஒரு பேதைப்பெண்ணின் இறுதி வழிபாடு. மறுகாட்சியில் அவையே மனைவி ஒருத்தி கொலையாளியாக மாறும் மூன்று நிலைகள். எந்தச் சுற்றில் அவள் துணிந்தாள் என்று நாம் முகத்தைத் தேடுகிறோம். மாதுரிதேவியின் முகத்தில் அதைத் தேடும் வேலையை முதற்பார்வை நமக்குத் தருவதேயில்லை. இங்கு ஆக்கம் எதிர்த்தலைவனிடம் இல்லை, அவனால் அவளிடத்து நிகழ்கிறது. நல்ல எதிர்த்தலைவன் தான் மாறாவிடினும் பிறரை மாற்றுவான் எனக் கொள்க. குண்டலகேசி ஆசிரியர்க்கும் இதுவே நோக்கமாதல் வேண்டும்; அந்த மலையுச்சியிலிருந்துதான் பத்திரை துறவை நோக்கி இறங்கிவருகிறாள்.

கடினமான சோதனை, மர்மக் கதை. முடிவை மறைத்து வைப்பதே அதன் தொழில் ஆதலின், புதுமை போனபின் அதில் எஞ்சுவது யாது என்னும் வினா எழும். எஸ். பாலச்சந்தர் இயக்கி, ஏ. வி. எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்' இதற்கு விடையாகும். முடிவை ஈண்டுக் கூறாது ஆராய்தல் இயலாது. சென்னைமீது சப்பானியர் குண்டு வீசிய 1943 அக்டோபரைக் களமாகக் கொண்டது கதை. வானொலிப் பொறியாளன் இராசன் சுடப்பட்டு இறப்பதில் படம் தொடங்குகிறது. அண்டைவீட்டார், தம்பி, தம்பியின் மனைவி, ஆசைநாயகி, மனைவி என ஒவ்வொருவர் வாய்மொழியாலும் இறந்தவன் ஒவ்வொருவனாக உருப்பெறுகிறான். இறுதியில், அவன் பகைநாட்டுக்கு உளவு சொன்னவன் என்பதும், நாட்டுப்பற்றுடைய மனைவி உஷாவின் கையில் மடிந்தான் என்பதும் வெளிப்படுகின்றன.

முதற்பார்வையில் நாம் கொலையாளியைத் தேடுகிறோம்; இராசன் பிணம் மட்டுமே. மறுகாட்சியில் கொலையாளியைத் தேடவேண்டுவதில்லை. நம் நாட்டம் முழுதும் இராசன்மேல் திரும்புகிறது. கல்லூரியில் மறுத்துரைக்கும் கூரிய இளைஞன், தன் அறிவுக்குத் தாய்நாடு மதிப்பளிக்கவில்லை எனக் கசந்தவன், அக்கசப்பைக் கொள்கையாக்கிக் கொண்டவன், காட்டிக்கொடுப்பவன் என அவன் படிப்படியாகத் திரியும் நிலை அப்போதே புலனாகும். முதன்முறை சிக்கல் எனத் தோன்றியது அடுத்தமுறை ஒரு மனிதனின் வரலாறாகத் தோன்றும். கொலையுண்டவனே எதிர்த்தலைவன் என்னும் இவ்வமைப்பு முதற்பார்வைக்கு ஒரு திருப்பம் மட்டுமே. பின்னர் அதுவே படத்தின் உயிர்நாடி. 'பராசக்தி'யில் (1952) நாடறிந்த கணேசன் ஈராண்டுக்குள் இத்தகைய பாத்திரத்தை ஏற்றார் என்பதும் குறிக்கத்தக்கது. படம் முதலில் வணிகவெற்றி பெறவில்லை. பின்வந்த சுவைஞரே அதனைச் சிறந்த படங்களின் வரிசையில் நிறுத்தினர். இதில் பாட்டு ஒன்றுகூட இல்லை. மக்கள் பாட்டுக்காகவே பழைய படங்களை மீண்டும் காண்கின்றனர் என்பார்க்கு இது போதிய மறுப்பு.

நம்பியார், பி. எஸ். வீரப்பா ஆகியோரின் வில்லர்களைப் பெருமை என்னும் களனில் அடக்கலாம். வீரப்பாவின் சிரிப்பு அதன் அளவினாலேயே வியப்பு. இவர்களிடம் மாற்றத்தை எவரும் எதிர்பார்ப்பதில்லை. மாறிவிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் (1965) நம்பியார் கையில் இருந்த சவுக்கு இடம் மாறும் நேரத்துக்காக அரங்கம் காத்திருக்கும். மாறுவது சவுக்கே, மனிதன் அல்லன்.

'கில்லி'யின் முத்துப்பாண்டியோ வேறு இனம். தெலுங்கில் 'ஒக்கடு' (2003) என்னும் பெயரில் வந்த படத்தைத் தரணி தமிழில் இயக்கினார். இரண்டிலும் எதிர்த்தலைவன் பிரகாஷ்ராஜே. மதுரையைத் தன் சொல்லுக்கு அடங்கவைத்தவன், விரும்பிய பெண்ணின் உடன்பிறந்தாரைக் கொன்றவன், அவள் முன் 'செல்லம்' எனக் குழைகிறான். 2004இல் யான் அப்படத்தைக் கண்டபோது அச்சொல் அச்சத்தைத் தந்ததாகவே நினைவு. இருபது ஆண்டு கழித்து மாணவர்களோடு அமர்ந்து கண்டபோது, நடிகர் வாய்திறக்குமுன் அரங்கமே அச்சொல்லைச் சொல்லிச் சிரித்தது. அச்சம் நகையாகத் திரிந்துவிட்டது. அது அவையோரின் அறியாமையன்று. பேரதிகாரம் ஒன்றினுள் அடம்பிடிக்கும் சிறுபிள்ளை ஒளிந்திருப்பதை அவர்கள் கண்டுகொண்டனர். தொல்காப்பியர் கூறிய சிறுமை இதுவே. ஆயினும் இச்சிரிப்பைப் பற்றி எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. மறுக்கும் பெண்ணை விடாது துரத்துவோனை விளையாட்டுப் பொருளாக்கிச் சுவைக்கும்போது, துரத்தப்படுவோளின் அச்சம் நம் கண்ணினின்று மறைந்துவிடுகிறது. முன்பு கூறிய மாணவியும் அன்று சிரிக்கவில்லை. மறுகாட்சி எப்போதும் தெளிவையே தரும் என்று கொள்ளற்க; பழக்கத்தால் மழுங்கச் செய்தலும் அதன் இயல்பு.

பெண் எதிர்த்தலைவியருள் 'படையப்பா'வின் (1999) நீலாம்பரிக்கு ஈடு காண்பது அரிது. ரம்யா கிருஷ்ணன் ஏற்ற அப்பாத்திரம் காதல் மறுக்கப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் அறையினுள் அடைந்து கிடக்கிறது. கதை தாவிச்செல்லும் அவ்வாண்டுகளே மறுகாட்சியில் நாம் எண்ணிப்பார்ப்பன. தலைவன் அளித்த உயிர்ப்பிச்சையை ஏலாது அவள் தன்னை மாய்த்துக் கொள்ளும்போது, தோற்றவள் அவள்தான் என்று உறுதியாகக் கூற அவையோர்க்கு மனம் வருவதில்லை.

எதிர்த்தலைவனின் ஆக்கத்தை ஆண்டுதோறும் காணும் வழக்கம் திரைப்படத்திற்கு மிக முந்தியது. ஐப்பசிக் கந்தசட்டியின் ஆறாம் நாள் திருச்செந்தூர்க் கடற்கரையில் கூடும் பெருங்கூட்டத்தில் முடிவு தெரியாதவர் ஒருவரேனும் உளரோ? யானைமுகம், சிங்கமுகம், சூரன் முகம் எனத் தலை மாறிமாறி எதிர்வரும் அவ்வுருவையே மக்கள் விழியிமையாது நோக்குவர். கச்சியப்பர் கந்தபுராணத்தில், கடல்நடுவே மாமரமாகி நின்ற சூரபதுமன் வேலால் பிளவுண்டு மயிலும் சேவலும் ஆகிறான். எதிர்த்தவனே ஊர்தியும் கொடியும் ஆகின்றான். மருட்கையின் நான்காம் களனுக்கு இதனினும் முற்றிய எடுத்துக்காட்டை யான் அறியேன். இவ்விழாவைக் கண்டு வளர்ந்த சுவைஞர், வில்லனின் உருமாற்றத்தைத் திரையில் தேடுவதில் வியப்பில்லை.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். மக்கள் பழம்படங்களை நாடுவது நடிகர்மேல் கொண்ட பற்றினாலும் இளமை நினைவினாலுமே. மருட்கை முதலியன நம் கற்பனை என்பது அத்தடை. அதனை முற்றும் மறுத்தல் இயலாது. பல மறுவெளியீடுகள் அவ்விரண்டினாலேயே கூட்டம் கொண்டன. ஆயினும் பற்று, படத்தை மீண்டும் காணச் செய்யுமேயன்றி வழக்காடச் செய்யாது. சொற்போர் எழுவது, ஒரு பாத்திரம் இரு தீர்ப்புகட்கு இடம் கொடுக்கும்போது மட்டுமே.

'கர்ணன்' (1964) இதற்குச் சான்று. பி. ஆர். பந்துலு இயக்கிய அப்படம் 2012 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்து, சென்னையில் நூறு நாளைக் கடந்து ஓடியது. அதனை முதன்முறையாகக் கண்ட இளைஞரும் அவருள் பலர். பாரதக் கதை அறியாதார் அவருள் அரியர் ஆதலின், புதுமைக்கு அங்கு வேலையில்லை. அப்படத்தில் வில்லன் யாவன் என்னும் வினாவே அன்றும் இன்றும் ஓயாதது. துரியோதனன் எனின், அசோகன் நடித்த அத்துரியோதனன் குலம் நோக்காது நட்புக்கொண்டவன். கூத்துக் களரியில் முடியும் தோளணியும் தாங்கி வரும் வேந்தனின் பெருமிதம் அவனிடத்தும் உண்டு. சகுனி எனின், அவன் கருவியே. மாணவர் சொற்போரில் இப்படம் வந்தபோது, தயங்கித் தயங்கி ஒருவர் கண்ணனைச் சுட்டினார். கவச குண்டலங்களைக் கவர வழிசெய்தவனும், தேர்ச்சக்கரம் புதைந்தபோது அம்பெய்யச் சொன்னவனும், அந்தணன் வேடத்தில் வந்து அறத்தையும் இரந்தவனும் அவனன்றோ என்பது அவர் வாதம். இறுதியிற் கூறிய இரத்தல் வில்லிபாரதத்தினின்று படத்திற்கு வந்தது. என். டி. இராமராவின் புன்னகையை முதன்முறை அருள் எனக் கண்டோர், அடுத்தமுறை அதனுள் வேறொன்றையும் காண்கின்றனர்.

மறுத்துரைத்த மாணவி, வில்லியின் கண்ணன் இரந்து பெற்றதோடு நில்லாது, கருணனை மார்புறத் தழுவித் தன் மெய்யுருவையும் காட்டினான் என்பதை எடுத்துக்காட்டினார். பகைவனுக்கு அக்காட்சியை வழங்கியவனை எதிர்த்தலைவன் எனலாமா என்று அவர் வினவ, தழுவியபின்னும் உயிரைக் கொண்டானே என்று அவர் விடையிறுத்தார். மணி பதினொன்றைக் கடந்துவிட்டதால் விடுதிக் காவலர் விளக்கை அணைக்க வந்தார். மறுநாள் வகுப்பில் இருவரும் வில்லிபாரதக் கன்னபருவத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தனர்.